நாயகனைப் பிடித்தே ஆக வேண்டுமா? முதல் திரைக்கதை எழுதுபவருக்கு ஒரு வழிகாட்டி

திரைக்கதையை யாரிடமாவது படிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: "எல்லாம் நல்லா இருக்கு, ஆனா ஹீரோவைப் பிடிக்கல." அடுத்த மூச்சில், "கொஞ்சம் நல்லவனா மாத்திடுங்களேன்." இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே நான் பல டிராஃப்ட்டுகள் அல்லாடியிருக்கிறேன். ஒருவர் பேச்சைக் கேட்டு அவனை நல்லவனாக்கினால், இன்னொருவர் படித்துவிட்டு "சப்புன்னு இருக்கு" என்பார். பழையபடி மாற்றினால் முதலாமவர் முகம் சுளிப்பார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதை எப்படி எடுத்துக்கொண்டு வேலை செய்வது என்று சொல்லித்தர அப்போது ஆள் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

குறும்படமோ முழுநீளப் படமோ, கதையின் நடுவில் எளிதில் பிடிக்காத ஒரு ஆளை வைத்து எழுதுகிறவர்களுக்கு இது. பொய்யன், சுயநலக்காரன், கொலைகாரன், அல்லது வெறுமனே சிடுசிடுப்பானவன், யாராக இருந்தாலும் சரி. நாயகி என்றால் இந்தப் புகார் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் கடுமையாக வரும். வழிமுறை ஒன்றுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்வையாளருக்கு அவனைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவன் அடுத்து என்ன செய்வான், செய்தால் என்ன ஆகும் என்பது மட்டும் அவர்களுக்குப் பொருட்டாக இருக்க வேண்டும். இது இருந்தால் மற்றதை மன்னித்துவிடுவார்கள். இது இல்லையென்றால் தங்கமான மனிதனைக் காட்டினாலும் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஒன்லைன் (ஒரு வரியில் கதை), சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசை), முதல் டிராஃப்ட். வெறும் கதைக்கரு மட்டும் இருந்தால் 3-வது படியிலிருந்து தொடங்குங்கள்.

1. புகாரைப் பிரித்துப் பாருங்கள்

"பிடிக்கல" என்பவர் உங்களிடம் மருந்தின் பெயரைச் சொல்கிறார். உங்களுக்குத் தெரிய வேண்டியது வலி எங்கே என்பது. அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு புகார்கள் இருக்கும்.

அ) அவனுக்கு என்ன வேண்டும் என்றே புரியவில்லை.

ஆ) புரிகிறது, ஆனால் அது கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று இருக்கிறது.

இ) அவன் செய்வது அருவருப்பாக இருக்கிறது. இருந்தும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன்.

ஈ) அவன் செய்வதைக் கதையே மெச்சிக்கொள்கிறதோ என்று சந்தேகம் வருகிறது.

முதல் இரண்டும் எழுத்தில் உள்ள குறைகள், சரிசெய்துவிடலாம். மூன்றாவது குறையே இல்லை. அதைக் கேட்டுப் பதறிப்போய்த் திருத்துகிறவர்கள்தான் நல்ல கதைகளைக் கெடுக்கிறார்கள். நான்காவதில் பார்வையாளரின் சண்டை பாத்திரத்தோடு இல்லை, உங்களோடு. அதற்கு 6-வது படியில் வருகிறேன்.

எந்தப் புகார் என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்?" வாதம் செய்யாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள், பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 8-ம் பக்கம் என்றால் அறிமுகத்தில் சிக்கல். 55-ம் பக்கம் என்றால் அறிமுகம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது, நடுவில் எங்கோ கயிறு விட்டுப்போயிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தில்தான் புகார் வரும். திருத்த வேண்டிய இடம் ஐம்பது பக்கம் தள்ளி இருக்கும்.

2. உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுங்கள்

விருப்பம், அக்கறை, ஆர்வம் என்று மூன்று இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆசையாக இருக்கிறது என்றால் விருப்பம். அவனுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொண்டால் அக்கறை. என்ன செய்யப்போகிறான் பார்ப்போம் என்றால் ஆர்வம். காதல் கதைக்கும் லேசான நகைச்சுவைக்கும் விருப்பம் இல்லாமல் கஷ்டம்: அந்த இரண்டு பேரும் சேர வேண்டும் என்று நாம் ஆசைப்படாவிட்டால் படமே இல்லை. குற்றக் கதைக்கு ஆர்வம் போதும். வீழ்ச்சியைச் சொல்லும் கதைக்கு, அவனைப் பிடிக்காமலே அக்கறை வந்தால் போதும்.

திரைப்பட ஆய்வாளர் மர்ரே ஸ்மித் 1995-ல் வெளியான தன் நூலில் இதை இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறார். ஒரு பாத்திரம் பார்ப்பதையும் அறிவதையும் நாமும் கூடவே பார்த்து அறிவது ஒன்று. அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சேர்ந்து நிற்பது வேறொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கொலைகாரனின் தோளுக்குப் பின்னாலேயே இரண்டு மணி நேரம் நடக்கலாம், ஒரு கணம்கூட அவன் கட்சியில் சேராமல்.

மூன்றில் எது உங்களுக்கு முதன்மை என்று ஒரு வரியில் எழுதி, ஸ்கிரிப்ட்டின் முதல் பக்கத்துக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். பின்னால் ஆளாளுக்குக் கருத்துச் சொல்லும்போது இந்த வரிதான் காப்பாற்றும்.

3. ஒரு பக்க ஆவணம் தயார் செய்யுங்கள்

பாத்திரத்தைப் பற்றி ஒரே ஒரு பக்கம். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் அது உங்கள் சந்தோஷத்துக்காக எழுதியது, படத்துக்கு ஆகாது. கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

இந்த வாரம் அவனுக்கு என்ன வேண்டும்? "அங்கீகாரம்", "நிம்மதி" என்றெல்லாம் எழுதக் கூடாது. கேமராவில் தெரிகிற பொருளாக இருக்க வேண்டும். ஒரு கையெழுத்து, ஒரு சாவி, ஒரு வேலை, ஒரு ஆள் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு மன்னிப்பு.

எதில் அவன் கெட்டிக்காரன்?

எதை மறைக்கிறான், யாரிடமிருந்து?

எந்தக் கோட்டைத் தாண்ட மாட்டான்? படத்தில் எப்போது தாண்டுவான்?

அவனை உள்ளபடி தெரிந்த ஒரே ஆள் யார்?

எந்த இடத்தில் அவன் நம்மைப் போல இருக்கிறான்? இந்தக் கேள்வி மட்டும் என்னுடையதில்லை. அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில், முழுக்கக் கெட்டவன் ஒருவன் வீழ்ந்தால் நமக்கு இரக்கமும் வராது, அச்சமும் வராது என்கிறார். தகுதிக்கு மீறிய துன்பத்தைப் பார்த்து இரக்கம் வரும், நம்மைப் போன்றவனுக்கு நேர்வதைப் பார்த்து அச்சம் வரும். அந்த ஒப்புமை ஒரே ஒரு இழையாக இருந்தால்கூடப் போதும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். படுக்கையில் கிடக்கும் அண்ணனிடமிருந்து வீட்டை ஏமாற்றி எழுதிக்கொள்ளப் பார்க்கும் தம்பி. கேட்டதுமே பிடிக்காத ஆள்தான். என்ன வேண்டும்: பத்திரத்தில் அண்ணனின் கையெழுத்து. கெட்டிக்காரத்தனம்: கையெழுத்தை நகலெடுப்பது. மறைப்பது: வேலை போய் மாதங்கள் ஆகிவிட்டன, மனைவிக்குத் தெரியாது. தாண்டாத கோடு: அண்ணனின் மருந்தில் கைவைக்க மாட்டான். உள்ளபடி தெரிந்தவள்: அண்ணன் மகள், பதினைந்து வயது. நம்மைப் போல இருக்கும் இடம்: அண்ணனின் பழைய சட்டைகளைப் போட்டே வளர்ந்தவன், இன்றைக்கும் அண்ணன் ஒரு வார்த்தை பாராட்ட மாட்டாரா என்று ஏங்குகிறவன். "நல்லவன்" என்கிற சொல் இதில் எங்கேயும் வரவில்லை, பார்த்தீர்களா? படம் எடுக்க இவ்வளவு போதும்.

இங்கே பெரும்பாலானவர்கள் விழுகிற பள்ளம் சிறுவயதுக் கதை. அப்பா அடித்தார், அம்மா விட்டுப் போனார் என்று மூன்று பக்கம் எழுதி, அதை ஃப்ளாஷ்பேக்காகப் படத்திலும் வைத்துவிடுவது. சோகமான இளமைப்பருவத்தை மன்னிப்புச் சீட்டாக நீட்டினால் பார்வையாளர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார். ஒருவன் ஏன் இப்படி ஆனான் என்று விளக்குவதால் மட்டும் அவன் மேல் அக்கறை வந்துவிடாது. இப்போது என்ன பாடுபடுகிறான் என்று பார்த்தால்தான் வரும்.

இந்த ஆவணத்துக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். எழுதி முடித்து இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். திரும்பி வந்து படிக்கும்போது எந்த வரியைப் படமாகக் காட்ட முடியாது என்று தோன்றுகிறதோ அதை அடித்துவிடுங்கள்.

4. முதல் பத்து நிமிடங்களைக் கணக்குப் பாருங்கள்

12 புள்ளி கூரியர் எழுத்தில் வழக்கமான ஒற்றைப்பத்தி அமைப்பில் எழுதினால் ஒரு பக்கம் தோராயமாக ஒரு நிமிடம். இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று இரண்டு பத்தியில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் சத்தமாகப் படித்து, கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

இந்தப் பத்து நிமிடத்தில் அவன் நல்லவன் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஏதாவது ஒன்றை முயன்றுகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மனிதக் கண்ணுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு: கஷ்டமான வேலையைக் கவனமாகச் செய்கிற ஆளைப் பார்த்தால், அந்த வேலை முடிய வேண்டும் என்று மனம் தன்னையறியாமல் விரும்பத் தொடங்கிவிடுகிறது. வேலை நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம்.

இதற்கு என்னால் சொல்ல முடிந்த மிகச் சுத்தமான சான்று ஹிட்ச்காக்கின் 1960-ம் ஆண்டுப் படமான 'சைக்கோ'. அதுவரை நாம் ஒட்டிக்கொண்டு வந்த பெண் கொல்லப்பட்டுவிட்டாள். அவள் தங்கிய விடுதியை நடத்தும் நார்மன் குளியலறையைத் துடைக்கிறான், உடலைக் காரில் ஏற்றுகிறான், காரைச் சேற்றுக்குளத்தில் தள்ளுகிறான். கார் மெல்ல மூழ்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அவன் திகைத்து நிற்கிறான். நாமும் திகைக்கிறோம். கார் மறுபடி மூழ்கத் தொடங்கியதும் நமக்கும் மூச்சு வருகிறது. ஒரு குற்றத்தின் தடயம் அழிய வேண்டும் என்று சில நொடிகள் நாமே வேண்டிக்கொண்டுவிட்டோம். அவனை நமக்குப் பிடித்திருந்ததா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. செய்து முடிக்க ஒரு வேலை, அதில் ஒரு தடை, அவன் முகம். அவ்வளவுதான் அந்தக் காட்சி.

2007-ல் வந்த 'தேர் வில் பி ப்ளட்' படத்தின் தொடக்கமும் பாடம். ஏறத்தாழ கால் மணி நேரம் உரையாடல் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. வெள்ளிச் சுரங்கத்தில் தனியாகத் தோண்டுகிறவன் குழிக்குள் விழுந்து காலை உடைத்துக்கொள்கிறான். வெட்டியெடுத்த தாதுக் கல்லை விடாமல், தரையில் தன்னை இழுத்துக்கொண்டே போகிறான். பின்னால் அவன் எவ்வளவு கொடூரமானவன் என்று தெரியவரும்போது, அவன் பிடிவாதத்தை நாம் ஏற்கெனவே உடம்பளவில் உணர்ந்திருப்போம்.

நம் தம்பிக்கு வருவோம். அவனை மனைவியிடம் எரிந்து விழுபவனாக அறிமுகப்படுத்தலாம். பலர் அதைத்தான் செய்வார்கள். அதற்குப் பதில் இப்படி: இரவு. மேசை விளக்கு. அண்ணனின் கையெழுத்துள்ள பழைய காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறான். எழுத்தாகப் பார்த்தால் கை தன் பழக்கத்துக்கு எழுதிவிடும், தலைகீழாக வைத்தால் வெறும் கோடாகத் தெரியும், அப்படியே வரையலாம். ஐந்தாறு முறை வரைகிறான். கடைசிச் சுழியில் ஒவ்வொரு முறையும் பேனா தயங்குகிறது. அண்ணன் அந்தச் சுழியை அலட்சியமாக இழுப்பவர். இவனுக்கு அந்த அலட்சியம் வரவில்லை. பக்கத்து அறையில் இருமல் சத்தம். கை நிற்கிறது. இவ்வளவுதான், வசனம் இல்லை. அவன் திருடன் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சுழி வருமா வராதா என்று பார்க்கக் காத்திருக்கிறோம்.

நேரக் கணக்கு: அவனுக்கு என்ன வேண்டும் என்பது குறும்படத்தில் முதல் நிமிடத்துக்குள், முழுநீளப் படத்தில் பத்தாம் பக்கத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். ஏன் வேண்டும் என்பதைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்டால் நல்லதும்கூட.

5. ஒட்டவைத்த கருணையை எடுத்துவிடுங்கள்

முரடன் ஒருவன் திடீரென்று நாய்க்குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவான், கண் தெரியாதவரைச் சாலை கடக்க வைப்பான். அவன் மேல் பார்வையாளருக்கு ஒரு பிடிமானம் வரட்டும் என்று வைக்கிற காட்சி. ஹாலிவுட் எழுத்தாளர் ப்ளேக் ஸ்னைடர் 2005-ல் இதற்குப் பூனையைக் காப்பாற்றுவது என்று பெயர் வைத்தார், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. யோசனை தப்பில்லை. நாம் அதைச் செய்கிற விதம்தான் தப்பு.

இரண்டு சோதனை வையுங்கள். அந்த நல்ல காரியத்தால் அவனுக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் கதை எங்காவது தடுமாறுமா? இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால், அது விளம்பரம். வெட்டிவிடுங்கள்.

தம்பி, அண்ணன் மகளுக்குப் பரிசு வாங்கித் தருவது விளம்பரம். பத்திரம் பதிகிற நாளில், கிளம்ப வேண்டிய நேரத்தில், அண்ணனுக்கு மூச்சுத்திணறல் வந்து இவன் மருத்துவமனைக்கு ஓடினால், அவனுக்குக் கையில் வந்தது போகிறது. ஓடும்போதும் பத்திரத்தைப் பைக்குள் மடித்துவைத்துக்கொண்டே ஓடட்டும். அந்தப் பத்திரத்தை மேசையில் விட்டுவிட்டு ஓடவிட்டீர்கள் என்றால் மறுபடி விளம்பரமாகிவிடும்.

6. சுற்றியிருப்பவர்களையும் கவனியுங்கள்

முதன்மைப் பாத்திரத்தையே செதுக்கிக்கொண்டிருந்துவிட்டு மற்றவர்களைக் காகித பொம்மைகளாக விட்டுவிடுவோம். அவனால் பாதிக்கப்படுகிறவருக்கு ஒரு முகமும் ஒரு காட்சியும் கொடுக்காவிட்டால், மேலே சொன்ன நான்காவது புகார் நிச்சயம் வரும். படம் அவன் கொடுமையை ரசிக்கிறது என்பார்கள், அப்படிச் சொன்னால் நியாயம்தான். ஒரே ஒரு ஷாட் போதும்: அவன் கிளம்பிப் போன பிறகும் கேமரா பாதிக்கப்பட்டவரோடு சில நொடிகள் தங்கட்டும்.

இன்னொரு குறுக்குவழி: சுற்றியுள்ள எல்லோரையும் அவனைவிட மோசமாக்கிவிடுவது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்த உலகத்தில் யாருக்கு என்ன ஆனால் என்ன என்கிற அலுப்பும் கூடவே வந்துவிடும். அவனை உள்ளபடி தெரிந்த ஒருவரை, நம் கதையில் அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணை, நேர்மையானவராக வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளருக்கு நின்று பார்க்க ஒரு இடம் கிடைக்கும்.

நாயகன் பிடிக்காத ஆளாக இருந்தும் கட்டமைப்பே படத்தைத் தாங்குவதற்கு, 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' ஒரு நல்ல பாடம். சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் நாட்டைக் காட்டிக்கொடுப்பவன். படம் தொடங்கியதுமே அவன் சுடப்பட்டு இறந்துவிடுகிறான். பாட்டே கிடையாது. அவனைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, யார் சுட்டது என்கிற ஆர்வம் நம்மை இழுத்துப்போகிறது. போகிற வழியில், திறமை இருந்தும் மதிக்கப்படாத ஒருவன் எப்படி இந்த இடத்துக்கு வந்தான் என்று அக்கறையும் சேர்ந்துகொள்கிறது. விருப்பத்தை அந்தப் படம் நம்மிடம் கேட்கவே இல்லை.

7. படிக்கக் கொடுத்துச் சோதியுங்கள்

ஐந்தாறு பேர் போதும். வீட்டுக்காரர்கள் வேண்டாம், உங்களை வைத்துத்தான் அவர்கள் பாத்திரத்தை எடைபோடுவார்கள். சினிமாவில் இருப்பவர்கள் பாதி, இல்லாதவர்கள் பாதி என்று பாருங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள். கேட்கக் கூடாத கேள்வி, "பிடிச்சுதா?" அந்தக் கேள்விக்கு மரியாதையான பதில்தான் வரும்.

கேட்க வேண்டியவை:

எந்தப் பக்கத்தில் முதல்முறை கீழே வைத்தீர்கள்?

30-ம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அடுத்து அவன் என்ன செய்வான் என்று ஒரு வரி எழுதுங்கள்.

யாருக்கு என்ன ஆகிவிடுமோ என்று கவலைப்பட்டீர்கள்?

எந்தக் காட்சியில் எழுத்தாளர் உங்களைப் பிடித்துத் தள்ளுவதாகத் தோன்றியது?

இரண்டாவது கேள்விதான் இதில் தங்கம். ஊகம் தவறாக இருந்தாலும், ஆவேசமாக எழுதியிருந்தால் அவர் கதைக்குள் இருக்கிறார். "தெரியலை", "எதுவும் செய்யலாம்" என்று எழுதியிருந்தால் பாத்திரம் இன்னும் காகிதத்தில்தான் கிடக்கிறது. எல்லோருமே மிகச் சரியாக ஊகித்திருந்தாலும் கவலைப்பட வேண்டும், அது வேறு வியாதி.

படிக்க ஒரு வாரம் கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் துண்டுதுண்டாகப் படிப்பார்கள், எங்கே அலுத்தது என்கிற தகவல் கெட்டுவிடும். பதில் வந்ததும் பக்க எண்களை ஒரே தாளில் வரிசையாகக் குறியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அங்கே பாருங்கள். ஒருவர் மட்டும் நிறுத்திய இடத்தைத் தொடாதீர்கள், அவருக்குப் போன் வந்திருக்கலாம்.

8. எந்தக் கட்டத்தில் திருத்தினால் என்ன செலவு

காகிதத்தில் திருத்தினால் உங்கள் நேரம் மட்டுமே செலவு. நடிகர்களை உட்காரவைத்துப் படிக்கும்போது திருத்தினாலும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் மேசைவாசிப்பைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். காகிதத்தில் திமிராகத் தெரிந்த வசனம், சரியான குரலில் பயமாகக் கேட்பதும் உண்டு.

படப்பிடிப்பில் ஒரு காப்பீடு எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முக்கியமான சீனிலும் அவன் பேசாமல் மற்றவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் குளோசப்பைப் பத்து நொடியாவது தனியாக எடுத்துவையுங்கள். லைட்டிங் அங்கேயே இருக்கும், நடிகர் அங்கேயே இருப்பார், கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும். உதவி இயக்குநர் அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள். எடிட்டிங்கில் இந்த ஷாட்டுகளின் மதிப்புத் தெரியும். ஒரே முகத்தை வேறு வேறு ஷாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர் அதில் வேறு வேறு உணர்ச்சியைப் படித்துக்கொள்வார். குலெஷோவ் விளைவு என்று சினிமாப் பள்ளிகளில் சொல்லித்தருவது இதைத்தான். கல்நெஞ்சன் என்று தோன்றியவன், அண்ணன் இருமும் ஷாட்டுக்குப் பிறகு அரை நொடி கூடுதலாகத் தெரிந்தால் வேறு ஆளாகிவிடுவான்.

எடிட்டிங்கில் மலிவான வழிகள் இன்னும் உண்டு. அவன் முயற்சி தோற்கும் சீனை முன்னால் கொண்டுவருவது. ஜம்பம் அடிக்கும் வசனத்தை வெட்டுவது. முகம் தெரியாத இடத்தில் டப்பிங்கில் ஒரு வரியை மாற்றுவது. ரஃப் கட்டை, அதாவது முதலில் கோத்துப் பார்க்கும் வடிவத்தை, புதிதாக மூன்று பேருக்குக் காட்டி, 7-வது படியின் கேள்விகளையே பக்க எண்ணுக்குப் பதில் நிமிடத்தை வைத்துக் கேளுங்கள்.

மிகச் செலவானது பேட்ச் வொர்க், அதாவது படப்பிடிப்பு முடிந்த பிறகு மறுபடி போய்க் காட்சி எடுப்பது. மறுபடி லொகேஷன், மறுபடி கால்ஷீட், அதற்குள் நடிகர் அடுத்த படத்துக்காகத் தாடி வளர்த்திருப்பார். ஒரு நாயகனை நல்லவனாகக் காட்ட ஒரே ஒரு சீன் சேர்க்க இவ்வளவும் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் இருக்கிற காட்சிகளில் ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறை எதையும் சேர்க்காததால் வந்திருக்காது, ஏதோ ஒன்று கூடுதலாக இருப்பதால் வந்திருக்கும்.

9. தயாரிப்பாளரிடமும் நடிகரிடமும் நரேஷன் சொல்லும்போது

அடைமொழிகளைத் தவிருங்கள். "அவன் ஒரு சுயநலவாதி" என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் அந்த நொடியே கணக்குப் போட்டுவிடுவார். "ராத்திரி பன்னிரண்டு மணி, அண்ணனோட கையெழுத்தைத் தலைகீழா வெச்சு வரைஞ்சு பழகிட்டிருக்கான்" என்று தொடங்குங்கள். அவராகவே "எதுக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"கடைசியில் திருந்திடுவானா?" என்று கட்டாயம் கேட்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் திருந்தும் நாயகன், அதற்கு முன்னால் நீங்கள் உழைத்த அத்தனையையும் பொய்யாக்கிவிடுவான். "யோசிச்சு எழுதிட்டு வர்றேன், ஒரு வாரம் கொடுங்க" என்று கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். திரும்பிப் போகும்போது அந்த ஒரு பக்க ஆவணத்தில் "தாண்டாத கோடு" என்கிற வரியை எடுத்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் திருந்துவதை அல்ல, அவனுக்கு ஒரு எல்லை இருக்கிறதா என்பதை.

சம்மதித்த மாற்றங்களைத் தேதி போட்டு ஒரு மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த சந்திப்பில் வேறு கதையாக மாறியிருக்கும். ஒவ்வொரு டிராஃப்ட்டையும் எண் போட்டுத் தனித்தனிக் கோப்பாக வைத்திருங்கள். மூன்றாவது டிராஃப்ட்டில் வெட்டிய காட்சியை ஏழாவதில் எல்லோரும் தேடுவார்கள்.

10. ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால்

படப்பிடிப்பு நெருங்கிவிட்டது, பத்துப் படியையும் செய்ய நேரமில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள். முதல் நாள் ஒரு பக்க ஆவணம். இரண்டாம், மூன்றாம் நாள் முதல் பத்துப் பக்கத்தை மட்டும் திருத்தி எழுதுங்கள், அவனை வேலை செய்யவிடுங்கள். நான்காம் நாள் ஒட்டவைத்த கருணைக் காட்சிகளைத் தேடி வெட்டுங்கள். ஐந்தாம் நாள் இரண்டு பேரிடம் கொடுங்கள், பக்க எண் மட்டும் கேளுங்கள். ஆறாம் நாள் அவர்கள் நிறுத்திய இடத்தைச் சரிசெய்யுங்கள். ஏழாம் நாள், எந்தெந்த சீனில் அந்தப் பேசாத குளோசப் வேண்டும் என்று சீன் எண் போட்டு ஒரு பட்டியல் எழுதி, ஒளிப்பதிவாளர் கையிலும் உதவி இயக்குநர் கையிலும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள்.